முதல் நைட்டில் பக்கத்தில் யார்?

2021 மே மாதம் எங்கள் அரசு மருத்துவமனையின் கோவிட் வார்டுக்கு டூட்டி பார்க்க வந்த இறுதியாண்டு நர்சிங் மாணவிகள், அதற்கு முந்தைய ஓராண்டுப் படிப்பில் பெரும்பகுதியைச் செல்போனில் படித்தவர்கள். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது அவர்களுடைய ஐசியூ போஸ்டிங் பாதியில் நின்றுபோனது. விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போனார்கள். டவர் கிடைக்கிற மொட்டை மாடியிலும் கண்மாய்க் கரையிலும் உட்கார்ந்து, கத்தீட்டர் போடுவது எப்படி, சக்‌ஷன் செய்வது எப்படி என்று வீடியோவில் பார்த்தார்கள். நடுவில் கொஞ்ச நாள் கல்லூரி திறந்தது. மறுபடியும் மூடினார்கள். பிறகு ஒருநாள், பெட்டி படுக்கையோடு வந்து சேரும்படி வாட்ஸ்அப்பில் தகவல் போனது.

அந்த மே 3ஆம் தேதிதான், படிப்பு முடித்த பி.எஸ்சி., ஜி.என்.எம். நர்சுகளை மூத்தவர்களின் மேற்பார்வையில் முழுநேர கோவிட் பணியில் ஈடுபடுத்தலாம் என்று பிரதமர் அலுவலகம் அறிவித்திருந்தது. 100 நாள் கோவிட் பணி செய்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றும் சொன்னார்கள். படிப்பை முடிக்காத மாணவிகளையும் பல ஊர்களில் கூப்பிட்டுக்கொண்டார்கள். கூப்பிட்டதில் தப்பில்லை. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆள் வேண்டியிருந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகளை மேற்பார்வை பார்க்க வார்டில் இருந்தது யார் என்றால், என்னைப் போன்றவர்கள். அரசு மருத்துவமனையில் எனக்கே ஒரு வருஷ அனுபவம்தான்.

2020இல் முதல் அலையின்போது, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வுப் பட்டியலில் இருந்தவர்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். மாதம் 14,000 ரூபாய். அப்படி வந்தவள் நான். அதற்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். அங்கே கையில் வாங்கியது அதிலும் குறைவு. என்னுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்கள் பீரோவில் இருந்தன. இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு முடியாமல் கேட்டால் தரமாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்கும் குறைவான சின்ன மருத்துவமனைகூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 2016இலேயே பரிந்துரைத்துவிட்டது. எங்களில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு நைட் போட்டார்கள். பழகிக்கொள்ள ஒரு மாதம் தருவார்கள் என்று கல்லூரியில் மேடம் சொல்லியிருந்தார். வார்டில் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏதாச்சும்னா கீழ கேஷுவாலிட்டிக்கு போன் போடு" என்று சொல்லிப் போனார்கள். கீழே போன் எடுக்க ஆளில்லாத நேரங்கள் உண்டு. அந்த இரவுகளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. புதிதாக வருகிற எல்லோரும் கடந்து வருவதுதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் நினைக்கப் பழக்குகிறார்கள்: நான் பட்டேன், நீயும் படு.

அந்த எண்ணத்தை எனக்குள் உடைத்தவர் எங்கள் வார்டு இன்சார்ஜ் அக்கா. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. எழுதிக் கொடுத்திருந்தால் கோவிட் வார்டிலிருந்து மாற்றியிருப்பார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

மாணவிகள் வந்த அன்று சாயங்காலம் டூட்டி லிஸ்ட்டை விரித்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு மாணவியின் பெயருக்குப் பக்கத்திலும் எங்களில் ஒருத்தியின் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். "இந்தப் பிள்ளை உன் கணக்கு. நீ எப்ப வர்றியோ அப்பத்தான் அவளும் வருவா. நீ லீவுன்னா அவளுக்கும் லீவு. முதல் சாவுக்கு அவளைத் தனியா நிக்க விட்டுறாதீங்க" என்றார். மருத்துவமனையில் ஆளே இல்லாத நேரத்தில், கையில் கிடைத்த இரண்டு பேரையும் ஒருவராகக் கணக்கு வைப்பது மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. நைட்டில் எங்களிடம் ஐம்பது, அறுபது பேர் இருந்தார்கள், வராண்டாவில் போட்டிருந்த கட்டில்களையும் சேர்த்து. அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "தெரியாத பிள்ளையத் தனியா நிறுத்தி ஒரு உசுரு போச்சுன்னா யார் பேரை எழுதுவீங்க?" என்று போனில் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

என் கணக்கில் வந்தவள் தூத்துக்குடிப் பெண். மெலிந்த உடம்பு, பேச்சு குறைவு. பிபிஇ கிட்டை மாட்டினால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. எல்லோருடைய முதுகிலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வோம். இல்லாவிட்டால் யார் டாக்டர், யார் சிஸ்டர், யார் துப்புரவுப் பணியாளர் என்று நோயாளிகளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

முதல் நாள் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது சிலிண்டர் கணக்கு. கட்டில்களுக்கு மேலே பைப் லைனில் ஆக்சிஜன் வரும். வராண்டாவில் பைப் கிடையாது, ஜம்போ சிலிண்டர்தான். அதில் 7,000 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடினால் எட்டு மணி நேரத்துக்குள் காலி. சிடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிற சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர். அதே வேகத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட வராது. லிஃப்ட்டில் காத்திருக்கும் நேரத்தையும் அதில்தான் கழிக்க வேண்டும். சிலிண்டரை மாற்றியதும் எத்தனை மணிக்குத் தீரும் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். அவள் கணக்கில் கெட்டிக்காரி. இரண்டாவது நாள், நான் கேட்பதற்கு முன்பே வராண்டா சுவர் முழுக்க நேரம் எழுதி வைத்திருந்தாள்.

பாடத்தில் இல்லாத இன்னொன்றையும் சொன்னேன். ஹியூமிடிஃபையர் பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு பாட்டில் சத்தம் நின்றால் திரும்பிப் பார். மாஸ்க்கின் பை சுருங்கிக் கிடந்தால் காற்று போகவில்லை என்று அர்த்தம், பை உப்பியிருக்க வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாத எங்களுக்கு, காது பெரிய உதவி.

நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுகிற வென்ஃபிளான் போடுவதுதான் அவளைப் படுத்தியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிளவுஸ். அதற்குள் வியர்வை. நோயாளிக்கோ கை வீங்கி நரம்பே எழும்பாது. கல்லூரி லேபில் பொம்மைக் கையில் நரம்பு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். ஒருநாள் ஒரு வயதான அம்மாவின் கையில் இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை. அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பின்னால் நின்ற இன்சார்ஜ் அக்கா அவளை நகரச் சொல்லவில்லை. அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, முழங்கைக்குக் கீழே ஓரிடத்தில் வைத்தார். "கண்ணை நம்பாதே. இந்த இடத்துல மெத்துனு ஒண்ணு அமுங்கி எழும்புது பாரு. அதுதான். அவசரப்படாதே, நான் இங்கதான் நிக்கேன்." கட்டிலில் இருந்த அம்மாவும், "குத்து தாயி, எனக்கு வலிக்கல" என்றது. மூன்றாவது தடவை ரத்தம் ஏறியது. அந்த மூன்று நிமிஷத்தில் அந்தப் பெண் கற்றுக்கொண்டதை நான் தனியார் மருத்துவமனையில் தனியாக நின்று கற்றுக்கொள்ள மாதக்கணக்கானது. எத்தனை பேர் கையைப் புண்ணாக்கினேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு நைட்டில், மூன்று மணி தாண்டி, மினிபஸ் ஓட்டுகிற ஒருவர் இறந்துபோனார். நாற்பது வயதுகூட இருக்காது. சாயங்காலம் அவளிடம், "பாப்பா, குப்புறப் படுத்துப் படுத்து நெஞ்சுக்கூடே வலிக்குது" என்று பேசிக்கொண்டிருந்தவர். குப்புறப் படுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சேச்சுரேஷன், ஏறும் என்று அவள்தான் தலையணை வைத்துப் படுக்க வைத்திருந்தாள். நானும் அவளும் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். பிபிஇ கிட்டுக்குள் இரண்டு நிமிஷம் அழுத்துவதற்குள் மூச்சு முட்டும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நேரத்தைச் சொன்னார். அவள் கைகளை எடுத்துவிட்டாள். ஆனால் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று மாஸ்க்குக்குள்ளிருந்து எனக்குக் கேட்டது.

இதற்கும் அக்கா ஒரு முறை வைத்திருந்தார். உடனே அடுத்த கட்டிலுக்கு அனுப்பாதே. சிஸ்டர் டேபிளில் உட்கார வை. பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே. கொஞ்ச நேரம் கழித்துத் தேறிவருகிற ஒருவரிடம் அனுப்பு. உடலைச் சுத்தம் செய்து, ஹைப்போகுளோரைட் தெளித்து, இரட்டைப் பையில் வைக்கிற வேலைக்கு முதல் வாரத்தில் எந்த மாணவியையும் சேர்க்காதே. அப்படியே செய்தேன். அவளைப் பதினொன்றாம் கட்டிலுக்கு அனுப்பினேன். அங்கே இருந்த வாத்தியார் ஒருவர் மறுநாள் வீட்டுக்குப் போகிறவர். சேச்சுரேஷன் 96. அவர் தூங்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளிடம், "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். விடிந்ததும் விடுதிக்குப் போகிற வேனில் அவள் என்னிடம் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி வேறொரு மாவட்டத்தில் டூட்டிக்குப் போனாள். அங்கே இப்படிச் சேர்த்து நிறுத்த யாருமில்லை. முதல் நைட்டிலேயே நாற்பது பேரோடு தனியாக விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு சாவு. ஒருவரின் மகன் வார்டு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவளை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறான். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று 2020இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் கதவருகே ஒரு காவலர் இருந்திருந்தால் போதும். அவள் பரீட்சை எழுதினாள், பட்டமும் வாங்கினாள். இன்றைக்கு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மருத்துவமனை வாசனையே ஆகவில்லை என்கிறாள். அவளும் தூத்துக்குடிப் பெண்ணும் ஒரே ரேங்க் வாங்கியவர்கள். ஒரே மேடத்திடம் படித்தவர்கள்.

புதிய நர்சுகளின் மனநலம் என்று பேச ஆரம்பித்தால் யோகா, தியானம், கவுன்சலிங் என்று போய்விடுகிறார்கள். நான் கண்ணால் பார்த்தது சிறுநீரில் தொடங்குகிறது. பிபிஇ கிட்டைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது. அதனால் டூட்டிக்கு வருவதற்கு முன்பிருந்தே பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மாதவிடாய் நாட்களில் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு வருவார்கள். மயங்கி விழுந்தவர்கள் உண்டு. நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் டூட்டி பார்த்தவர்கள் உண்டு. கேட்டால், கிட்டை வீணாக்கினால் திட்டுவார்கள் என்று பயம். அக்கா அதையும் லிஸ்ட்டில் கொண்டுவந்தார். மாதவிடாய் என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, டூட்டி நோட்டில் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தால் போதும். அன்றைக்கு அவளுக்கு வெளி வேலை: மருந்து இண்டென்ட் போடுவது, உறவினர்களுக்கு போனில் நிலைமை சொல்வது. அது சின்ன வேலை ஒன்றும் இல்லை. வெளியே வெயிலில் நிற்கிற வீட்டாருக்கு உள்ளே இருப்பவரின் நிலைமையை ஒழுங்காகச் சொன்ன நாட்களில் கதவருகே சண்டை குறைந்தது.

மே நடுவில், ஒருநாள் காலை ஆக்சிஜன் டேங்கர் வந்தபோது வார்டு பாய் ஒருவர், "தூத்துக்குடி லாரி வந்திருச்சு" என்று சத்தம் போட்டுச் சொன்னார். உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை வளாகத்தில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க ஆரம்பித்திருந்த நேரம். அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஊர் அவளுடையது. அவளுடைய தெருக்காரர்களும் அந்த ஊர்வலத்தில் போனவர்கள். நான் அவள் முகத்தைப் பார்க்க நினைத்தேன், மாஸ்க்குக்கு மேலே எதுவும் தெரியவில்லை. "பதினேழாம் பெட்டுக்கு சிலிண்டர் பத்தே காலுக்குத் தீருது அக்கா" என்றாள். நான் வேறெதுவும் கேட்கவில்லை. இருபத்தொரு வயதில் எவ்வளவு பாரத்தை ஒருத்தி சுமந்துகொண்டு வார்டுக்கு வருகிறாள் என்பதை எந்த வருகைப் பதிவேடும் காட்டாது.

ஜூலைக்குள் கட்டில்கள் காலியாகின. மாணவிகள் பரீட்சைக்குத் திரும்பினார்கள். செவிலியருக்கு முதல்வர் அறிவித்த 20,000 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. அப்பாவின் கடனில் ஒரு பகுதி அடைந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மானிட்டர் அலாரம் கேட்பது போலிருக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அம்மா திருநீறு போட்டுவிட்டாள். 104க்குப் பேசினால் ஆலோசனை தருவார்கள் என்று நோயாளிகளுக்கு நானே எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக ஒருநாள் அந்த எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் பேசியவர் பொறுமையாகக் கேட்டார், நன்றாகவே பேசினார். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் யாரும் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன ஆச்சு, எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. அக்கா மட்டும் கேட்டார். அவரும் ஓய்வு பெற்றுப் போனார்.

பிறகு எம்.எஸ்சி. படிக்கிற தோழி ஒருத்தி மூலம்தான் மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் கற்ற நர்சிங்குக்கும் வார்டில் காணும் நர்சிங்குக்கும் நடுவில் புதியவர்கள் விழுந்து அடிபடுவதைப் பற்றி, எதனால் அவர்கள் தொழிலைவிட்டே போகிறார்கள் என்பதைப் பற்றி, 1974இலேயே அவர் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். நான் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால். நாலு வருஷப் படிப்பில் நைட்டிங்கேல் பிறந்த தேதியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இந்தப் பெயரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

2022 டிசம்பர் 31 அன்று எங்கள் ஒப்பந்தம் முடிந்தது என்று ஆணை வந்தது. கோவிட் காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள். சேலத்திலும் சென்னையிலும் போராட்டம் நடந்தது. நானும் உட்கார்ந்தேன். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். கோவிட் வந்து பிழைத்து, அதே வார்டுக்குத் திரும்பி வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை தருவதாக அமைச்சர் சொன்னார். சிலர் போனார்கள், சிலர் நிரந்தரம் வேண்டும் என்று நின்றார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்குக் குறை ஒன்றுதான். அந்த ஓராண்டு, ஈராண்டில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்களாக நாங்கள் ஆகியிருந்தோம். அந்தக் கைகளை ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டு, வார்டுக்கு வருகிற அடுத்த பிள்ளைக்கு யார் விரலைப் பிடித்து நரம்பைக் காட்டுவார்கள்? ஒப்பந்தத்தில் இருப்பவள் அடுத்த மாதம் தானே இருப்பேனா என்று தெரியாமல் இன்னொருத்திக்கு எப்படி அக்காவாக நிற்பாள்?

தூத்துக்குடிப் பெண் இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். பி2 நிலை வரை ஜெர்மன் மொழி படித்துப் போனாள். சேர்ந்த புதிதில், ஒரு மூத்த செவிலியரோடு வாரக்கணக்கில் சேர்ந்து நடக்க விட்டார்களாம். நம் இன்சார்ஜ் அக்கா சிவப்பு மையில் எழுதியது இங்கே வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது அக்கா என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். திறமையானவர்கள் வெளிநாட்டுக்குப் போவதைக் குறை சொல்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். சம்பளம் பெரிய காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

நான் இப்போது ஒரு தாலுகா மருத்துவமனையில் இருக்கிறேன், மறுபடியும் ஒப்பந்தத்தில்தான். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். போன ஆண்டு தலைமை மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். புதிதாகச் சேர்பவரை முதல் ஆறு வாரம் வார்டு ஆள் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. அந்த ஆறு வாரமும் டூட்டி லிஸ்ட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சீனியரின் பெயர் இருக்க வேண்டும். முதல் நைட்டைத் தனியாகப் போடக்கூடாது. ஒரு சாவைப் பார்த்த புதியவருக்கு அந்த ஷிஃப்ட்டிலேயே அரைமணி நேரம் உட்கார இடமும் துணைக்கு ஆளும் தர வேண்டும். செவிலியர் ஓய்வறையின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும்.

தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். இரட்டைப் பெயர் லிஸ்ட்டுக்கு, இரண்டு பணியிடம் காலியாக இருக்கிறது, அது நிரம்பட்டும் பார்க்கலாம் என்றார் தலைமை மருத்துவர். அதுவரைக்கும் பகல் ஷிஃப்ட்டிலாவது செய்து பாருங்கள் என்று சம்மதித்திருக்கிறார். இந்த மாதம் சேர்ந்த இரண்டு பேரில் ஒருத்தியை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.